நாடக ஒத்திகைக்கு மாணவர்களுக்கு முதலில் எந்தச் சொற்களைச் சொல்லித் தருவது?

ரோஸ்ஹில் மிஸ்:
வணக்கம். மொரீஷியஸில் கிரேட் 7, 8 பிள்ளைகளை வைத்துத் தமிழ் நாடகம் போடப்போகிறோம். எல்லாரும் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். ஒத்திகையில் "வலப்பக்கம் போ" என்றால் சிலர் தங்கள் வலப்பக்கமும் சிலர் எதிரே நிற்கும் என் வலப்பக்கமும் போகிறார்கள். பிரெஞ்சு நாடகத்தில் நடித்த இரண்டு பேர் கூர், ஜார்தேன் என்று வேறு கேட்கிறார்கள். பெரிய பட்டியல் வேண்டாம், ஒத்திகையில் வாயில் புழங்கவேண்டிய சொற்கள் போதும்.

மேடைக்காரன்:
மிஸ், வலமும் இடமும் எப்போதும் பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகருடையவைதான், இதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். கூர் என்பது பார்வையாளரின் வலப்பக்கம், அதாவது நடிகருக்கு இடம். ஜார்தேன் நடிகருக்கு வலம். பாரிஸில் துயிலெரி அரண்மனை அரங்குக்கு ஒரு பக்கம் முற்றமும் (கூர்) மறுபக்கம் தோட்டமும் (ஜார்தேன்) இருந்ததால் வந்த பெயர்கள் அவை. எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மாறாது என்பதால் எனக்கு அந்த முறை மிகவும் பிடிக்கும், அந்தப் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். அப்புறம் முன்மேடை, பின்மேடை. பார்வையாளருக்கு அருகே இருப்பது முன்மேடை. ஆங்கிலத்தில் பின்மேடையை அப்ஸ்டேஜ் என்பது, பழைய மேடைகள் பின்னால் உயர்ந்து முன்னால் சரிந்து இருந்ததால். நடிகர்கள் காத்து நிற்கும் ஓரத்தைச் சைடு விங் என்றே சொல்லுங்கள், தமிழ்நாட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பழைய மாணவி:
வசனத்தாளில் வரும் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மிஸ். அங்கம் பெரிய பகுதி, அதற்குள் காட்சி. மனோன்மணீயத்தில் காட்சிக்குக் களம் என்று பெயர், 5 அங்கம், 20 களம். பிள்ளைகள் அதிகம் குழம்புவது தனிமொழியில். மேடையில் தனியாக நின்று மனத்தில் உள்ளதைப் பேசினால் தனிமொழி. பக்கத்தில் ஆள் இருக்கும்போதே அவர் காதில் விழாத மாதிரி பேசுவது வேறு, பழைய நாடகங்களில் அதற்குத் 'தனக்குள்' என்று குறிப்பு இருக்கும். விளக்கம் சொல்வதைவிட ஒரே வரியை இரண்டு விதமாகவும் பேச வையுங்கள், அப்போதுதான் மனத்தில் நிற்கும்.

ரோஸ்ஹில் மிஸ்:
மிக்க நன்றி இருவருக்கும். இன்னொன்று, எங்கள் ஹாலில் திரையே கிடையாது. அந்தச் சொல்லை எப்படிக் காட்டுவது?

கூத்துப்பிரியன் (ரெயூனியன்):
திரை இல்லாவிட்டால் என்ன மிஸ், தெருக்கூத்து மாதிரி செய்யுங்கள். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்க, வேடம் கட்டியவர் அதன் பின்னாலிருந்தே பாடி, பிறகுதான் முகம் காட்டுவார். கதையை ஆரம்பித்து வைப்பதும் இடையில் சிரிக்க வைப்பதும் கட்டியங்காரன். எங்கள் தீவில் அந்தக் கூத்தின் வழி வந்ததைப் பால் தமூல் என்கிறோம், வாத்தியார் என்ற சொல் இங்கே வார்த்தியால் ஆகிவிட்டது. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலேயே மூன்று வகைத் திரை வருகிறது: ஒரு பக்கத்திலிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இரு பக்கமிருந்தும் வந்து சேரும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி. முதல் இரண்டையும் இரண்டு வேட்டியும் நாலு பிள்ளைகளும் இருந்தால் வகுப்பிலேயே செய்து காட்டலாம், மூன்றாவதற்கு மட்டும் கயிறும் உயரமும் வேண்டும்.