மறு: அண்டர்பேர் – ‘தாழ்சோடி’யா, ‘அமுங்கிய சோடி’யா?

> போக்கர் சீட்டாட்டச் சொற்களுக்குத் தமிழ்: ஓவர்பேர் (மேசையில் விழுந்த எல்லாச் சீட்டுக்கும் மேலான நம் சோடி) = மேல்சோடி; அண்டர்பேர் (மேசையில் அதைவிடப் பெரிய சீட்டு விழுந்துவிட்ட சோடி) = தாழ்சோடி. கையில் வரும் இரண்டு சீட்டும் ஒரே எண்ணானால் பைச்சோடி. ஃப்ளாப் (எல்லாருக்கும் பொதுவாக மேசையில் முதலில் விழும் மூன்று சீட்டு) = விரிப்பு. அது நமக்கு ஆகாமல் விழுந்தால் கெடுவிரிப்பு. குழுவினர் கருத்துச் சொல்லவும்.

ஐயா, வணக்கம்.

‘விரிப்பு’க்கு என் ஓட்டு உண்டு. மூன்று சீட்டையும் மேசை நடுவில் ஒரே வீச்சில் விரிக்கிறார்கள், சொல் தானாகப் பொருந்துகிறது. அதற்குப் பிறகு வருபவற்றுக்குப் புதுப்பெயர் தேடி மெனக்கெட வேண்டாம். நாலாஞ்சீட்டு, அஞ்சாஞ்சீட்டு போதும். ‘பைச்சோடி’தான் இடிக்கிறது. சட்டைப் பையில் சீட்டு வைத்திருப்பவனை நம் ஊரில் எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள்! ‘கைச்சோடி’ என்போமே.

என் வழக்கு ‘தாழ்சோடி’யோடு. இந்தச் சொல்லைக் கேட்டதும் யாருக்கும் ரெண்டு சோடி, மூணு சோடிதான் நினைவுக்கு வரும். நாம் பெயர் வைக்கப்போவதோ ராஜா சோடிக்கு. டெக்சஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையில் 221 கைக்கு ஒருமுறைதான் அது வரும் என்பது கணக்கு; விரிப்புக்கு முன்னால் அதற்கு மேல் ஆஸ் சோடி ஒன்றுதான். அப்படிப்பட்ட கை, விரிப்பில் ஓர் ஆஸ் விழுந்ததும் ஆட்டங்கண்டுவிடுகிறது. இதுவும் அபூர்வம் இல்லை. ராஜா சோடி வைத்திருப்பவருக்கு விரிப்பில் ஆஸ் விழும் வாய்ப்பு ஏறக்குறைய 22.5 விழுக்காடு. ராணி சோடிக்கு மேலே ஏதாவது ஒரு சீட்டு விழ 41, ஜாக்கி சோடிக்கு 57. கையில் இருந்த சீட்டு அப்படியேதான் இருக்கிறது. மாறியது மேசை.

இலக்கணமும் என் பக்கம். ‘தாழ்சோடி’ வினைத்தொகை. ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய் மூன்றும் ஊறுகாய் ஆவது போல, தாழ்ந்தது, தாழ்வது, தாழப்போவது எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். நமக்குக் காலம் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு முன் மேலே இருந்தது, இப்போது இல்லை: அதுதானே சேதி?

போன ஞாயிறு சித்தப்பா வீட்டில் இதைச் சோதித்துப் பார்த்தேன். அவர் ரம்மிக்காரர், போக்கர் தெரியாது. கால்மணி நேரம் விதி சொல்லிக்கொடுத்து, தலைக்கு 50 புளியங்கொட்டை. போட்டி ஆட்டம் போலத்தான்: தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும், மறுபடி வாங்க முடியாது. எனக்கு ராஜா சோடி. 5 கொட்டை வைத்தேன். கட்டாயப் பந்தயமாக 2 வைத்திருந்த சித்தப்பா மேலும் 3 போட்டார். தம்பி தன் 1 கொட்டையை விட்டுவிட்டு விலகினான். நடுவில் 11. விரிப்பு: இஸ்பேட் ஆஸ், டைமன் ஏழு, கிளாவர் ரெண்டு.

4 கொட்டை வைத்தேன். ஏழோ எட்டுச் சோடியோ வைத்திருந்தால் இந்த விலைக்குத் தொடர்ந்து வருவார், ஒன்றும் இல்லாவிட்டால் போட்டுவிடுவார், ஆஸ் இருந்தால் தெரிந்துபோகும். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எண்ணி 12 கொட்டையைத் தள்ளினார். பொய் ஆட்டம் ஆடத் தெரியாத மனிதர். மீதி இரண்டு ராஜாவில் ஒன்றாவது அஞ்சாஞ்சீட்டுக்குள் வர 8.4 விழுக்காடுதான். ராஜாக்களைக் காட்டிவிட்டுக் கவிழ்த்தேன். அவரிடம் ஆஸும் எட்டும். சொன்னார்: “ஆஸ் ஏறிடுச்சு, ராஜா அமுங்கிட்டாரு.”

நாம் மூன்று வாரமாக அகராதி புரட்டுகிறோம் ஐயா!

ஆகவே: அண்டர்பேர் = அமுங்கிய சோடி. அதை அமுக்கிய ஓவர்கார்டு = ஏறுசீட்டு. இங்கே வினைத்தொகையே சரி. ஏற்கெனவே ஏறியதும் ஏறுசீட்டு, நாலாஞ்சீட்டில் ஏறப்போவதும் ஏறுசீட்டு.

‘கெடுவிரிப்பு’ இரண்டு வெவ்வேறு சிக்கலை ஒரே மூட்டையில் கட்டுகிறது. மேலே சொன்ன ஆஸ்–ஏழு–ரெண்டு ஒன்றோடொன்று ஒட்டாது. பயப்பட ஆஸ் ஒன்றுதான். ஒன்பது, பத்து, ஜாக்கி மூன்றும் ஆட்டினில் விழுந்தால்? ஏறுசீட்டே இல்லை, ராஜா சோடி இன்னும் மேல்சோடிதான். ஆனால் ராணியும் எட்டும் வைத்திருப்பவருக்கு ஐந்தும் வரிசையாகச் சேர்ந்தாயிற்று, எந்த இரண்டு ஆட்டினுக்கும் ஒரே இனமாக ஐந்து. எனக்கு இதுதான் அதிக பயம். பூக்கடையில் சொல்வதுபோல் முன்னதை உதிரி விரிப்பு, பின்னதைத் தொடுத்த விரிப்பு என்றால் என்ன?

*

தம்பி,

அமுங்கிய சோடி, ஏறுசீட்டு இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன். உதிரி, தொடுத்த – இதுவும் சரி. பைச்சோடியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஓர் ஐயம். 9 கொட்டையை விட்டுவிட்டுக் கவிழ்த்தது சரியா? ராஜா சோடி தினமுமா வருகிறது? இன்னொரு 8 போட்டு நாலாஞ்சீட்டைப் பார்த்திருக்கலாமே. பிறகு, ‘சோடி’க்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. ‘இணை’தான் தூய தமிழாம்.

*

ஐயா,

காசு ஆட்டமாக இருந்தால் யோசித்திருப்பேன். போட்டியில் கையிருப்பு இரட்டித்தால் பரிசு இரட்டிப்பதில்லை, தீர்ந்தாலோ வெளியே. பரிசு வரிசைக்கு நாலைந்து பேர் மட்டும் அதிகமாக இருக்கும் கட்டத்தில் இது இன்னும் இறுகும். 41 கொட்டை மிச்சம் இருந்தது. அதை வைத்து இன்னும் ஒரு மணி நேரம் ஆடினேன்.

‘இணை’ ஏற்கெனவே இணைகோடு, இணைப்பு, இணையம் என்று நாலு வீட்டில் வேலை பார்க்கிறது. ஈழத்தில் ‘ஒரு சோடி செருப்பு’ என்று கடையில் கேட்டு வாங்குகிறார்கள், யாரும் அகராதி பார்ப்பதில்லை. சோடி இருக்கட்டும். சித்தப்பா மட்டும் ‘ஜோடி’ என்றுதான் சொல்வேன் என்கிறார். அவரைக் குழுவில் சேர்க்காதீர்கள்.