கவிதாவின் டெல்லிப் பை

குழு: மேலூர் வீட்டு உறவுகள்

கவிதா: நாளை மறுநாள் ராத்திரி மதுரையில் டெல்லி ரயில் சம்பர்க் கிராந்தி ஏறுகிறேன். இவ்வளவு தூரம் தனியாகப் போவது முதல் முறை. தேவி சித்தி, நம் மாதிரி பார்வை இல்லாதவர்கள் எதையெல்லாம் விட்டுவிடக் கூடாது?

பெரியப்பா: (புகைப்படம்) தேவையானதை எல்லாம் எழுதியிருக்கிறேன், பாரும்மா.

கவிதா: பெரியப்பா, கையெழுத்தைப் படம் எடுத்து அனுப்பினால், போனில் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் சரியாகப் படிக்காது. பேசி அனுப்புங்களேன்.

பெரியப்பா: சரிம்மா, இதோ. (குரல் பதிவு)

கார்த்திக்: துணைக்கு வருபவருக்கும் ஸ்லீப்பர், மூன்றாம் ஏசி இரண்டிலும் டிக்கெட்டில் உனக்குள்ள அதே 75 சதவீதச் சலுகை உண்டு. நான் வருகிறேனே.

கவிதா: வேண்டாம் அண்ணா. தனியாகத்தான் போகப் போகிறேன்.

தேவி சித்தி: போகட்டும் கார்த்திக். கவி, பை எது?

கவிதா: அம்மா வாங்கிய டிராலி பெட்டி.

தேவி சித்தி: அதை மாற்று. ஒரு கை ஸ்டிக்குக்குப் போய்விடும். இன்னொரு கையில் பெட்டியை இழுத்தால் கதவுக் கம்பியை எதால் பிடிப்பாய்? சக்கரச் சத்தத்தில் ஸ்டிக் தட்டும் சத்தமும் கேட்காது. முதுகில் மாட்டும் பை எடுத்துக்கொள். பூட்டும் சாவிப் பூட்டாக இருக்கட்டும். நம்பர் பூட்டு நமக்கு ஒத்துவராது.

அம்மா: 2000 ரூபாய்ப் பெட்டி தேவி!

தேவி சித்தி: தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போகும்போது உதவும் அக்கா. கவி, மடக்கு ஸ்டிக் இன்னொன்று இருக்கிறதா?

கவிதா: இருக்கிறது சித்தி. பைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

தேவி சித்தி: அடியில் வைத்தால் இல்லாத மாதிரிதான். பக்கவாட்டு உறையில் வை. நுனியில் மாட்டும் டிப் ஒன்றும் கூடவே இருக்கட்டும், பிளாட்பாரத்தில் அது சீக்கிரம் தேயும். ராத்திரி ஸ்டிக்கைத் தரையில் விடாதே. யாராவது காலால் தள்ளிவிட்டால் அடுத்த பெர்த்துக்குக் கீழே போய்விடும். மடக்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்.

கவிதா: சுடிதார் செட்டு செட்டாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன். ஷாம்பு பாட்டிலுக்கு ஒரு பேண்ட், எண்ணெய்க்கு இரண்டு.

தேவி சித்தி: நல்லது. பணம்?

கவிதா: எல்லாம் ஒரே பர்ஸில்.

தேவி சித்தி: பிரித்து வை. புது நோட்டில் 100, 200, 500 மூன்றுக்கும் அகலம் ஒன்றுதான், 66 மில்லிமீட்டர். நீளம் 142, 146, 150. நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பின்னால் வரிசை நிற்கும்போது விரலால் கண்டுபிடிக்க முடியாது. 100-இல் முக்கோணம், 500-இல் வட்டம் என்று புடைப்பு அடையாளம் உண்டு, ஆனால் பழைய நோட்டில் தேய்ந்துவிடும். வீட்டிலேயே தரம் பிரித்து, 500-ஐ நாலாக, 200-ஐ நீளவாக்கில் மடி. 100 மடிக்காமல் இருக்கட்டும். வழியில் கைக்கு வரும் நோட்டுக்கு ரிசர்வ் வங்கியின் மணி ஆப் இருக்கிறது. எந்த நோட்டு என்று இன்டர்நெட் இல்லாமலே சொல்லும்.

கார்த்திக்: மணி ஆப்பை ராத்திரியே போட்டுத் தருகிறேன். கவி, சலுகை டிக்கெட் என்பதால் சான்றிதழ் அசல் கையில் வேண்டும், டிடிஆர் கேட்பார். செல்போன் படம் போதாது.

தேவி சித்தி: மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி.யும் ஏடிஎம் கார்டும் ஒரே அளவு. யூ.டி.ஐ.டி. அட்டையின் உறை மூலையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடு. ரயிலில் இரவு 11 மணியிலிருந்து காலை 5 வரை சார்ஜிங் பாயின்ட்டை நிறுத்தி வைப்பது வழக்கம், அதனால் பவர் பேங்க் இடுப்புப் பையில் இருக்கட்டும். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டு. அடுத்த காது வெளிச் சத்தத்துக்கு வேண்டும்.

பெரியப்பா: ஏதாவது என்றால் உடனே ரயில்வே உதவி எண் 139-க்கு போன் பண்ணும்மா.

அம்மா: அவள் குளிக்கப் போனபோது பையைக் கொஞ்சம் ஒழுங்காக அடுக்கி வைத்தேன். ஊறுகாய் பாட்டிலும் ஒரு போர்வையும் சேர்த்திருக்கிறேன்.

கவிதா: அம்மா!!

தேவி சித்தி: அக்கா, கோபித்துக்கொள்ளாதே. உன் பாசம் தெரியும். ஆனால் அந்தப் பையை அவள் கை மட்டும்தான் அடுக்க வேண்டும். விளக்கை அணைத்த பிறகு மாத்திரை எந்த ஜிப்பில் இருக்கிறது என்று அவள் விரல் தேடாமல் போக வேண்டும். நீ ஒரு பொருளை இடம் மாற்றினால், அவள் மொத்தத்தையும் பெர்த்தில் கொட்டித் தடவ வேண்டியிருக்கும், முன்பின் தெரியாதவர்கள் முன்னால். அது எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அம்மா: அப்படி யோசிக்கவில்லை தேவி. அப்போது நான் என்னதான் செய்வது?

தேவி சித்தி: கண் வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. துணியில் கறை இருக்கிறதா, மாத்திரை காலாவதித் தேதி என்ன என்று பார்த்துச் சொல். முதல் நாளுக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லி கட்டிக் கொடு. கையில் ஒழுகாது, தனியாகத் தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம்.

கவிதா: எல்லாவற்றையும் வெளியே எடுத்து முதலிலிருந்து அடுக்குகிறேன். அம்மா, மாத்திரை அட்டைகளைக் கட்டிலில் வைத்திருக்கிறேன், தேதி பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மா: பார்த்துவிட்டேன்டா. காய்ச்சல் மாத்திரை போன மாதமே முடிந்துவிட்டது. கார்த்திக், வரும்போது ஒரு அட்டை வாங்கி வா.

கவிதா: பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பார்த்தேன். கனக்கிறது. போர்வை வேண்டாம், ஏசியில் அவர்களே தருவார்கள். ஊறுகாய் சின்ன டப்பாவில் போதும்.