சின்ன வயதில் அப்பாவையோ அம்மாவையோ இழந்தவர்களே, அது பிற்பாடு எங்கே வந்து இடித்தது?

திருவாரூர்க்காரன்:
ஆறுதல் கேட்டு இதைத் தொடங்கவில்லை. ஆறுதலெல்லாம் பதினாறாம் நாள் காரியத்தோடு முடிந்த கதை. நான் கேட்பது வேறு. இருபது, முப்பது வருஷம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு இடத்தில் அது வந்து முட்டியிருக்கும் இல்லையா? அந்த இடத்தை எழுதுங்கள்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா போனபோது நான் நாலாம் வகுப்பு. அவருக்கு 41. எனக்கு இப்போது 42 நடக்கிறது. போன வருஷம் முழுக்க நான் பண்ணிய அலம்பலைப் பார்த்து மனைவி மிரண்டுவிட்டாள். டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்தேன். பாங்க் கணக்கு, லாக்கர் சாவி, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதை மச்சானிடம் வேறு சொல்லி வைத்தேன். 41-க்கு மேல் எனக்கென்று எந்தத் திட்டமும் போட்டு வைக்கவில்லை என்பதே 42 பிறந்த பிறகுதான் உறைத்தது. மனநல மருத்துவராக இருக்கும் நண்பன், "பெத்தவங்க போன வயசு நெருங்கும்போது நிறைய பேருக்கு இப்படித்தான்டா" என்றான்.

அப்புறம் இதய டாக்டரிடம் போனேன். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். நெஞ்சுவலி என்றேன். மாரடைப்பா, வால்வில் கோளாறா, ஈ.சி.ஜி. ஏதாவது இருக்கிறதா? ஒன்றும் கிடையாது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55-க்கு முன்னால், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65-க்கு முன்னால் மாரடைப்பு வந்திருந்தால், நமக்கும் ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்வார்களாம். அம்மாவைக் கேட்டால், "நெஞ்சப் புடிச்சிகிட்டு உக்காந்தாங்க, வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிட்டு." சித்தப்பாவைக் கேட்டால், "அன்னிக்கு மத்தியானம் பலாச்சுளை நெறைய சாப்பிட்டாரு." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பலாப்பழம் வாங்குவதில்லை. எங்கள் வீட்டு மருத்துவ ஆவணம் இவ்வளவுதான். டாக்டர் சிரிக்கவில்லை, "சரி, மாரடைப்புன்னே வெச்சுக்குவோம்" என்று எழுதிக்கொண்டு கொழுப்புப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

மஞ்சக்காட்டுக்காரி:
எனக்கு எட்டு வயசில் அம்மா போயிட்டாங்க. மஞ்சள் காமாலை. ஈரோடு பக்கம் கிராமம். ஒன்றரை வருஷத்தில் அப்பா மறுகல்யாணம் பண்ணினார். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: சினிமாவில் வருகிற சித்தி எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. வந்தவர் எனக்குத் தலை பின்னிவிட்டார், பரீட்சைக்கு ராத்திரி கூடவே முழித்திருந்தார். நான் பெரியவளானபோது சீருக்கு ஓடியவரும் அவர்தான். "தாய் செத்தா தகப்பன் சித்தப்பன்" என்று ஊரில் சும்மா சொல்வார்கள். எங்கப்பா அப்படியும் ஆகவில்லை. ஆனாலும் இடித்தது.

எங்கே என்றால், எனக்குப் பிரசவம் ஆனபோது. ஆஸ்பத்திரியில் நர்ஸ், "அம்மா வர்லீங்களா?" என்று கேட்டதெல்லாம் பழகின கேள்வி, அதைச் சொல்லவில்லை. செக்கப்பில் டாக்டரம்மா, "உங்க அம்மாவுக்கு சுகப்பிரசவமா? சர்க்கரை இருந்துச்சா? நீங்க பிறக்கும்போது எத்தனை கிலோ?" என்று கேட்டார். எதுவும் தெரியாது. அம்மாவைப் பெற்ற அம்மிச்சியும் அதற்குள் போய்விட்டார். அப்பாவுக்குப் போன் போட்டால், "நல்லாத்தான் சாமி பொறந்தே" என்கிறார். எப்போது குப்புற விழுந்தேன், எப்போது நடந்தேன், முதலில் என்ன பேசினேன், எல்லாவற்றுக்கும் அதே பதில், நல்லாத்தான் இருந்தே. என் மாமியார் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்றரை மணி நேரம் சொல்வார்: ஒன்பதாம் மாசம் பல் முளைத்தது, சட்டியில் இருந்த வெண்ணெயை எடுத்துத் தலையில் பூசிக்கொண்டது. என்னைப் பற்றி அப்படிச் சொல்ல ஒரு ஆள்கூட இல்லை. அம்மா போனபோது அம்மா மட்டும் போகவில்லை, என் முதல் மூன்று வருஷமும் கூடவே போய்விட்டது.

பத்தியச் சாப்பாடு சித்திதான் செய்தார். பூண்டை நெய்யில் வதக்கி, மிளகு தூக்கலாக. சித்திக்குச் சொந்தமாகக் குழந்தை கிடையாது. பக்கத்து வீட்டு ஆத்தாவிடம் கேட்டுக் கேட்டு, தாளில் எழுதிக்கொண்டு வந்து செய்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், நெய்க்கறையோடு.

இன்னொன்று. என் மகளுக்கு இந்த வருஷம் எட்டு. யூனிஃபார்ம் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள், பல் தேய்க்க மூன்று முறை கூப்பிட வேண்டியிருக்கிறது. "எட்டு வயசு, வெவரம் தெரிஞ்ச புள்ள, தேறிக்குவா" என்று அன்றைக்கு என்னைக் காட்டி எத்தனை பேர் சொன்னார்கள்! எட்டு வயசு எவ்வளவு சின்னது என்று அப்போது யாரும் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

நாமக்கல் லாரிப்பட்டறை:
மேல ரெண்டு பேரும் நல்லா எழுதறீங்க, எனக்கு அப்படி வராது. அப்பா லாரி டிரைவர். ஆந்திரா பக்கம் ஆக்சிடென்ட். எனக்குப் பத்து வயசு. மொட்டை அடிச்சு, ஈர வேட்டியோட கொள்ளிக்குடத்தைத் தோள்ல வெச்சாங்க. குடம் என் தலையைவிடப் பெருசு. பின்னால ஒருத்தர் அரிவாள்ல ஓட்டை போட, தண்ணி முதுகுல ஊத்துது. அந்த நேரத்துல மாமா ஒருத்தர் காதுக்குள்ள, "அழுவாதடா, இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பளை"ன்னாரு. சாயங்காலத்துக்குள்ள அதையே இன்னும் ஏழெட்டுப் பேர் சொல்லிட்டாங்க.

எல்லாரும் நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா நான் அதை அப்படியே நம்பிட்டேன். அன்னைலருந்து கிரிக்கெட் ஆடப் போகல. ரெண்டு தங்கச்சிக்கும் கல்யாணம் முடிச்சு, 36-ல நான் கட்டினேன். யாராவது கடன் கேட்டா இல்லைன்னு சொல்ல வாய் வராது.

விபத்துக் கோர்ட்டுல நஷ்டஈடு வந்தது. மைனர் பங்குன்னு எங்க மூணு பேர் பேர்லயும் தேசிய பேங்க்ல டெபாசிட் போட்டாங்க, 18 ஆகுற வரைக்கும் தொட முடியாது. வட்டி மட்டும் அம்மா வாங்கிக்கலாம். 18 ஆனதும் மனு போட்டு எடுத்தேன். ரசீதுல என் பேரு, கீழ காப்பாளர்னு அம்மா பேரு. காசைக் கையில வாங்கினப்ப சந்தோஷமே இல்ல. அப்பாவுக்கு இதான் வெலைன்னு யாரோ டைப் அடிச்சுக் குடுத்த மாதிரி இருந்துச்சு. பட்டறைக்கு அட்வான்ஸ் குடுத்தேன், அது வேற விஷயம், இப்ப நல்லா ஓடுது.

ஃபைல்கட்டு:
சுருக்கமாக. அப்பா அரசு ஊழியர், பணியில் இருக்கும்போது காலமானார். கருணை அடிப்படையில் வேலைக்கு மூன்று வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். எனக்கு அப்போது 11, நான் 18 ஆகும்வரை விதி காத்திருக்காது. அம்மா எட்டாம் வகுப்பு. அலுவலக உதவியாளர் வேலை கிடைத்தது. அப்பா உட்கார்ந்த செக்‌ஷனுக்கே அம்மா ஃபைல் தூக்கினார், அப்பாவோடு டீ குடித்தவர்களுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். இன்று நானும் ஒரு அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் உட்காருகிறேன். எங்கள் உதவியாளர் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் எழுந்து நின்றுவிடுகிறேன். கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

வன்னிப் பொடியன்:
எங்கட வீட்டில இந்தக் கதை வேற மாதிரி. அப்பா செத்திட்டார் எண்டு நாங்கள் ஒருத்தரும் சொல்லுறேல்ல. 2009 மே மாதம், இலங்கையில போர் முடியிற நேரம், வட்டுவாகல் பக்கம் அப்பாவ ஆமியிட்டக் கையளிச்சது அம்மாதான். பதிஞ்சிட்டு விடுவம் எண்டு சொன்னவை. எனக்கு ஏழு வயசு. 2017 மாசியில கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில, காணாமல் போன ஆக்கள் எங்க எண்டு கேட்டுப் போராட்டம் தொடங்கினபோது அம்மா அங்கதான் இருந்தவ. நான் பள்ளிக்கூடம் விட்டு அங்க போய்த்தான் வீட்டுப்பாடம் செய்தனான்.

மரணச் சான்றிதழ் எடுத்தால் காணி அலுவல் எல்லாம் லேசு. அதுக்கு மனமில்லாத ஆக்களுக்கெண்டு, காணாமல் போனதுக்கு ஒரு சான்றிதழ் குடுக்க 2016 இல சட்டம் வந்தது. அம்மா ரெண்டையும் எடுக்கேல்ல. தகப்பன் இல்லாத என்ட சினேகிதன்மார் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போய் எள்ளுந் தண்ணியும் விடுவாங்கள். நான் போனால், அப்பாவ நானே சாகடிச்ச மாதிரி எண்டுறா அம்மா.

போன வருசம் அக்காவின்ட கலியாணத்துக்குக் காட் அடிக்கக் குடுத்தம். அச்சகத்தில இருந்த பெடியன் கேட்டான், "அண்ணை, தகப்பன்ட பேருக்கு முன்னால அமரர் போடுறதோ?" நான் கடைக்கு வெளியால வந்து நிண்டிட்டன். கடைசியில அக்காதான் உள்ள போய், பேரை மட்டும் போடச் சொன்னவ. காட் கிடைச்ச ஆக்கள் கனபேர், அப்பா வந்திட்டாரோ எண்டு போன் பண்ணிக் கேட்டவை.

கரிசல் டீச்சர்:
இருபது வருஷமாக விருதுநகர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. பட்டாசு ஆலை விபத்து நடந்தால் மறுவாரம் என் வகுப்பில் ஏதாவது ஒரு பெஞ்சு காலியாக இருக்கும். எனக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், அதனால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

"அப்பா ஊருக்குப் போயிருக்கார்", "சாமிகிட்ட போயிட்டார்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நாலைந்து வயசுப் பிள்ளைக்குச் செத்தால் திரும்ப வர முடியாது என்பதே முழுதாகப் புரியாது. ஊருக்குப் போனவர் என்றால் பஸ் பார்த்துக் காத்திருக்கும். இறந்துவிட்டார், இனி வரமாட்டார், நீ எதுவும் செய்ததால் இது நடக்கவில்லை. இந்த மூன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். "நான் பென்சில் கேட்டு அடம் பிடிச்சேன், அதான் அப்பா வேலைக்குப் போனார்" என்று ஒரு பையன் ஒரு வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னான்.

காலையில் அழுத பிள்ளை மத்தியானம் கபடி ஆடினால், "மறந்துருச்சு" என்று சொல்வதும் தப்பு. பிள்ளைகளுக்குத் துக்கம் தவணை முறையில்தான் வரும். பத்தாவது ரிசல்ட், சடங்கு, கல்யாணம், முதல் குழந்தை என்று ஒவ்வொரு தவணைக்கும் வயசுக்குத் தக்கபடி புதிதாகப் புரியும். மேலே நீங்கள் எழுதியதெல்லாம் அந்தத் தவணைகள்தான்.

சம்பாதிக்கும் பெற்றோரை விபத்தில் இழந்த மாணவர்கள் அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ படித்தால், தமிழக அரசு 75,000 ரூபாய் வைப்புத் தொகை தருகிறது. தலைமையாசிரியர் வழியாக மனு போக வேண்டும். பல வீடுகளுக்கு இது தெரியவே தெரியாது.

கடைசி_பெஞ்ச்_சென்னை:
இங்க எல்லாருமே பெரியவங்களா இருக்கீங்க. எனக்கு 19. 2021 கொரோனா ரெண்டாவது அலையில அப்பா தவறிட்டார். பிரைவேட் கம்பெனி. அரசு குடுத்த 3 லட்சம் வந்துச்சு, வாடகைக்கும் அக்கா ஃபீஸுக்கும் போயிருச்சு. நீங்க சொல்ற பிற்பாடு எனக்கு இன்னும் வரல. அப்பா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் பழைய போன்ல இருக்கு. "வரும்போது தயிர் வாங்கிட்டு வா" மாதிரிதான் எல்லாம். கேக்கறதில்ல. போன் பேட்டரி உப்பிட்டிருக்கு.

மஞ்சக்காட்டுக்காரி:
தம்பி, கேட்க வேண்டாம். ஆனால் காப்பி எடுத்து இரண்டு இடத்தில் போட்டு வை. உப்பின பேட்டரியை நீயே சார்ஜ் போடாதே, கடையில் கொடுத்து பேட்டரியை மாற்றச் சொல். "ரீசெட் பண்ணாதீங்க" என்று தெளிவாகச் சொல்லிக் கொடு. முடிந்தால் பக்கத்திலேயே நில்.

ஃபைல்கட்டு:
அப்பாவுக்கு பி.எஃப். பிடித்தம் இருந்ததா என்று அம்மாவிடம் கேள். அந்த ஓய்வூதியத் திட்டத்தில் விதவை பென்ஷனுக்கு மேல் பிள்ளைகளுக்கும் தனியாக உண்டு. அதில் 25 சதவீதம், ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை. அக்காவுக்கும் சேர்த்து மனு கொடுத்தீர்களா என்று பார்.

கடைசி_பெஞ்ச்_சென்னை:
அம்மா பென்ஷன் வாங்கறாங்க சார். எங்க பேர் இருக்கான்னு தெரியல. திங்கள்கிழமை போய்ப் பாக்கறேன். வீட்ல இப்ப இதெல்லாம் நான்தானே பாக்கணும்.

நாமக்கல் லாரிப்பட்டறை:
திங்கக்கெழம போ. அம்மாவையும் கூட்டிட்டுப் போ, அவங்களும் பாக்கட்டும். ஞாயித்துக்கெழம என்ன பண்ணப் போற? கிரிக்கெட் ஆடுவியா மாட்டியா?