அட்மினாக இருந்தும் ஃபோல்டர் திறக்கவில்லை: மூன்று பேரின் சர்வர் அனுபவங்கள்

ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் ஃபைல் சர்வர் என் பொறுப்புக்கு வந்த புதிதில் நடந்தது இது. சம்பளக் கணக்கு ஃபோல்டரை யார் யார் திறக்க முடியும் என்று ஆடிட்டர் பட்டியல் கேட்டார். செக்யூரிட்டி டேபில் போய்ப் பார்த்தால், ஹெச்.ஆர். குரூப், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப் தவிர தனி ஆட்களின் பெயர்களும் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் எனக்கு முன்பு சர்வரைப் பார்த்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவர் இப்போது கொள்முதல் பிரிவில் இருக்கிறார். அட்மின் குரூப்பிலிருந்து அவரை எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஆனாலும் மொத்த அலுவலகத்தின் சம்பளத்தையும் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்!

வேண்டுமென்றே தன் பெயரைச் சேர்த்துக்கொண்டார் என்று மேலாளர் கொதித்துவிட்டார். பாவம், அந்த மனிதருக்கு விஷயமே தெரியாது. சேர்த்தது விண்டோஸ்.

விண்டோஸ் விஸ்டா காலத்தில் யூ.ஏ.சி. (யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல்) என்ற பாதுகாப்பு ஏற்பாடு வந்ததிலிருந்து, அட்மின் லாகின் செய்தாலும் அன்றாட வேலைக்கு அதிகாரம் குறைத்த டோக்கன்தான் கிடைக்கிறது. டோக்கன் என்பது நாம் யார், எந்தெந்த குரூப்பில் இருக்கிறோம் என்று காட்டும் அடையாளச் சீட்டு மாதிரி. அந்த டோக்கனில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப் தடைகளுக்கு மட்டும் கணக்கில் வரும், அனுமதிகளுக்கு வராது. ஃபோல்டர்களைத் திறந்து பார்க்கும் எக்ஸ்ப்ளோரர் ஓடுவது அதில்தான். அதனால் குரூப்புக்கு ஃபுல் கன்ட்ரோல் இருந்தாலும் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஒரு பெட்டி வரும், கூடவே ‘கன்டினியூ’ பட்டன். இப்போதைக்குத் திறந்துவிடும் என்று நினைத்து எல்லோரும் அதை அழுத்துவார்கள். அதுவோ, அழுத்தியவரின் பெயரை அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் எழுதிவிடுகிறது. கீழே உள்ள ஃபோல்டர்களுக்கும் சேர்த்து, நிரந்தரமாக. ‘பெர்மனென்ட்லி’ என்று அந்தப் பெட்டியிலேயே போட்டிருக்கிறது, யார் படிக்கிறார்கள்?

ஐகேக்கிள்ஸ் (icacls) என்ற விண்டோஸ் கட்டளையால் பழைய அனுமதிகளை முதலில் ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு, தனிப் பெயர்களை நீக்கினேன். அப்புறம் ஃபைல் சர்வரைக் கவனிப்பவர்களுக்கென்றே தனியாக ஒரு குரூப் உருவாக்கி, அதற்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தேன். இப்படி நாமே உருவாக்கும் குரூப்பை யூ.ஏ.சி. வடிகட்டுவதில்லை. கன்டினியூ பெட்டி அதன் பிறகு வருவதில்லை.

*

கன்டினியூ கதை எங்கள் அலுவலகத்திலும் உண்டு. ஆனால் எங்களை அதிகம் படுத்தியது ‘எவ்ரிஒன்’, அதாவது எல்லோரையும் குறிக்கும் விண்டோஸின் தயார் குரூப்.

கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவரால் ஒரு ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை. அவரைச் சரியான குரூப்பில்தான் சேர்த்திருந்தார்கள். ஆனால் குரூப் விவரம் லாகின் செய்யும் நேரத்தில்தான் டோக்கனில் ஏறும். அவர் காலையிலிருந்து லாக் ஆஃப் செய்யவே இல்லை. மாதக் கடைசி, ஃபோன் மேல் ஃபோன். பொறுமை இழந்த ஒருவர் எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கன்ட்ரோல் தட்டிவிட்டார். எவ்ரிஒன் எல்லோருடைய டோக்கனிலும் ஏற்கெனவே இருப்பதால் உடனே திறந்துவிட்டது. ‘குரூப் எல்லாம் வேலைக்கு ஆகாது, எவ்ரிஒன்தான் சரி’ என்று அன்றைக்கு ஏற்பட்ட நம்பிக்கையால், அடுத்தடுத்து எத்தனை ஃபோல்டர்கள் அப்படித் திறந்து கிடந்தன என்று பிறகு தேடியவர்களுக்குத்தான் தெரியும். ஒரு தடவை லாக் ஆஃப் செய்துவிட்டு வரச் சொல்லியிருந்தால் போதும்.

இன்னொன்று, நெட்வொர்க் வழியாக வருபவருக்கு ஷேர் பெர்மிஷன் (நெட்வொர்க்கில் பகிர்வதற்கான அனுமதி), என்.டி.எஃப்.எஸ். பெர்மிஷன் (டிஸ்க்கில் ஃபோல்டருக்கே உள்ள அனுமதி) இரண்டும் பார்க்கப்படும். நேரடியாக சர்வரில் திறந்தால் இரண்டாவது மட்டும்தான். இரண்டில் எது இறுக்கமோ அதுதான் நிற்கும். சர்வரில் நேரடியாக உட்கார்ந்து சோதித்துவிட்டு ‘எனக்குத் திறக்கிறதே’ என்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

*

நம்முடைய சர்வர் லினக்ஸ். வெப்சைட் செய்து கொடுத்த பையன், படம் அப்லோடு ஆகவில்லை என்று ஹோம் டைரக்டரி (யூசரின் சொந்த ஃபோல்டர்) முழுக்க 777, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற அனுமதியைப் போட்டுவிட்டான். அப்லோடு ஆனது. ஆனால் மறுநாள் எஸ்.எஸ்.ஹெச். (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவிக் கோப்பு போட்டு உள்ளே போக முடியவில்லை. ஹோம் டைரக்டரியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்தால், அங்கே இருக்கும் கீயை எஸ்.எஸ்.ஹெச். நம்பாது, கதவைச் சாத்திவிடும். பாஸ்வேர்டு லாகினையும் முன்பே நிறுத்தி வைத்திருந்தோம். கடைசியில் ஹோஸ்டிங் நிறுவனத்தின் வெப் கன்சோல் வழியாக நுழைந்து, எழுதும் உரிமை ஓனருக்கு மட்டும் இருக்கும்படி ஹோமுக்கு 755, எஸ்.எஸ்.ஹெச். ஃபோல்டருக்கு 700, கீ கோப்புக்கு 600 என்று மாற்றிய பிறகுதான் திறந்தது. படங்கள் போகும் ஃபோல்டருக்கு வெப் சர்வரின் யூசரை ஓனராக்கியதும் அப்லோடும் ஒழுங்காக நடந்தது.