மறுமொழி: 'பிரைநோமன்' – முதற்பெயரா, இடுபெயரா?

அனைவருக்கும் வணக்கம். பண்டைய ரோமானியரின் பெயரில் முதலில் நிற்கும் பகுதியான 'பிரைநோமன்' (praenomen) என்பதை நம் கட்டுரைகளில் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இது என் மறுமொழி.

> 'முதற்பெயர்' என்றே வைத்துக்கொள்ளலாம். பெயரில் முதலில் வருவதுதானே?

ஐயா, வரிசையில் முதலில் வருகிறது என்பது சரி. ஆனால் இன்றைய படிவங்களில் முதற்பெயர் என்றால் ஆளைத் தனித்துக் காட்டுவது. ரோமில் அந்த வேலையை அது செய்யவே இல்லை. குடியரசின் கடைசிக் காலத்தில் பரவலாக வழங்கிய பிரைநோமன்கள் ஏறத்தாழ 18 மட்டுமே. சிசரோ, ஆண்டனி, கிராசுஸ், புரூட்டஸ், அக்ரிப்பா, கேட்டோ எல்லாரும் மார்க்குஸ்! சிசரோவின் பாட்டன், தந்தை, மகன் மூவருமே மார்க்குஸ்தான்.

'இடுபெயர்' என்று முன்மொழிகிறேன். ஆண் குழந்தைக்கு ஒன்பதாம் நாள் இடப்பட்ட பெயர் அது. நன்னூல் காட்டும் இடுகுறியின் சாயலும் இச்சொல்லில் இருக்கிறது. குவின்டுஸ் என்றால் ஐந்தாமவன். சிசரோவின் தம்பிக்கு அந்தப் பெயர், ஆனால் அந்த வீட்டில் ஆண்பிள்ளைகள் இருவர்தாம். பொருள் தேய்ந்து வெறும் குறியாகிவிட்டது. அதற்காக மதிப்பில்லாத பெயர் என்று சொல்லவில்லை. அரசனாக முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மார்க்குஸ் மான்லியுஸ் கி.மு. 384இல் கொல்லப்பட்ட பிறகு, மான்லியுஸ் குடியில் எவருக்கும் மார்க்குஸ் என்று பெயரிடக் கூடாது எனத் தடையே விதித்தார்கள்.

குடியைக் காட்டும் இரண்டாம் பகுதியான நோமனுக்குக் (nomen) குடிப்பெயர். 'குலப்பெயர்' என்றால் நம் வாசகர் சாதியைத்தான் நினைப்பார். குடிக்குள் கிளைக் குடும்பத்தைக் காட்டும் காக்னோமனுக்குக் (cognomen) கிளைப்பெயர், வெற்றியால் வந்த அக்னோமனுக்குச் (agnomen) சிறப்புப்பெயர். பூப்லியுஸ் கொர்னேலியுஸ் ஸ்கிப்பியோ ஆப்பிரிக்கானுஸ் என்ற பெயரில் நான்கும் இதே வரிசையில் நிற்கின்றன.

இடுபெயரைச் சுருக்கி எழுதுவதை மட்டும் நாம் அடியோடு தவிர்க்க வேண்டும். ரோம் நகரின் பான்தியன் கோயில் முகப்பில் 'மா. அக்ரிப்பா, லூ. மகன்' என்ற முறையில் பொறித்திருக்கிறார்கள். தமிழில் முன்னெழுத்து தந்தையைக் குறிப்பதால், 'மா.' என்பதை அக்ரிப்பாவின் தந்தை பெயராகவே நம்மவர் படிப்பார். தந்தையோ லூக்கியுஸ். ஆகவே மார்க்குஸ் அக்ரிப்பா என்று முழுமையாகவே எழுதுவோம்.

பெண்களுக்குப் பெரும்பாலும் இடுபெயர் கிடையாது. துல்லியுஸ் குடியில் பிறந்த சிசரோவின் மகள் துல்லியா, அவ்வளவுதான். தகவல் அட்டவணையில் அவர்களுக்கு அந்தக் கட்டத்தை நீக்கிவிடலாம். 'கிளைப்பெயர்' பற்றித்தான் எனக்கு இன்னும் தயக்கம். அதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.