கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட்: இஎஸ்ஐ கட்டாயமா?

மதுரைக்காரன்: மதுரையில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். நிரந்தரமாக 12 பேர், முகூர்த்த நாளில் பரிமாற இன்னும் 15 பேர் தினக்கூலிக்கு வருவார்கள். போன வாரம் சாம்பார் அண்டாவை இறக்கும்போது ஒரு பையனுக்கு முழங்கால் வரை வெந்துவிட்டது, ஆஸ்பத்திரிச் செலவை நானே பார்த்தேன். தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு, அதான் இஎஸ்ஐ, கட்டியே ஆகணுமா?

தஞ்சாவூர் கரண்டி: பத்துப் பேர் இருந்தாலே கட்டாயம் தம்பி. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு சம்பளத்தில் உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. இருபது பேர் ஆனால் பிஎஃப்பும் (வருங்கால வைப்பு நிதி) வரும்.

பந்தி: தினக்கூலி ஆட்களையும் கணக்கில் சேர்ப்பார்கள். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எவ்வளவு கூலி என்று நோட்டில் எழுதி அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள். அப்புறம், 14 வயது ஆகாத பிள்ளைகளைத் தண்ணீர் வைக்கக்கூட நிறுத்தாதீர்கள், அது குற்றம்.

மதுரைக்காரன்: சரிங்கண்ணா, திங்கட்கிழமையே ஆடிட்டரைப் பார்க்கிறேன். அந்தப் பையன் பெயரைத்தான் முதலில் பதியணும்.