இம்பிளான்ற்றுக்குத் தமிழ்: உள்வைப்பா, பதியமா, பல்லூன்றியா?

அனுப்பியவர்: விளக்கத்தாள் தொகுப்பாளர், கிளிநொச்சி

அன்பின் குழுமத்தாருக்கு,

முரசு நோய்க்கான சிகிச்சையையும், அதன்பின் பல் போன இடத்தில் தாடையென்புக்குள் இறக்கும் டைட்டேனியத் திருகாணியான இம்பிளான்ற் வைப்பதையும் விளக்கும் நாலு பக்கத் தாளொன்றைத் தமிழில் எழுதுகிறோம். வாசிக்கப்போகிறவர்கள் பரந்தன், முழங்காவில், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கத்து ஆக்கள். ஆகவே முரசா ஈறா என்ற வழக்கை மறுபடி திறக்க வேண்டாம். இங்கே ஈறு என்றால் பேனும் ஈரும்தான் ஞாபகம் வரும். முரசுதான்.

சிக்கல் இம்பிளான்ற்றில் இருக்கிறது. "உள்வைப்பு" என்று போட்டால், தாய்மாருக்குக் கையில் தோலுக்குக் கீழே வைக்கும் குடும்பக்கட்டுப்பாட்டுக் குச்சியையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். "செயற்கை வேர்" உடனே விளங்குகிறது. "பதியம்" காதுக்கு நன்றாக இருக்கிறது. எது பொருந்தும் என்று சொல்லுங்கோ.

அனுப்பியவர்: பல் மறுசீரமைப்பு விசேட வைத்திய நிபுணர், வவுனியா

"வேர்" வேண்டாம். இலக்கணத்துக்காகச் சொல்லவில்லை, உடற்கூற்றுக்காகச் சொல்கிறேன். பல்லின் வேருக்கும் தாடையென்புக்கும் நடுவில் ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிப்பில் ஒரு நார்ப்படை இருக்கிறது. கடிக்கும்போது பல் 25 முதல் 100 மைக்குரோன் வரை அமிழ்ந்து எழும்புவது அதில்தான். சோற்றில் கல் கடிபட்டதும் வாய் தானாகத் திறப்பதற்கும் அந்த நாரிலுள்ள நரம்புகள்தான் பெரும்பங்கு. டைட்டேனியத்தைச் சுற்றி அந்த நார் கிடையாது. என்பு நேரே உலோகத்தோடு ஒட்டி நிற்கும். அசைவு 3 முதல் 5 மைக்குரோன்தான். அதனால் எவ்வளவு விசையோடு கடிக்கிறோம் என்பது சரியாகத் தெரியாது. இரவில் பல் நெறுமுகிறவருக்கு மேலே வைத்த பீங்கான் வெடிப்பதும் உள்ளே இருக்கும் திருகு கழல்வதும் இதனால்தான். வேர் என்று நாமே பெயர் வைத்துவிட்டு, வேர்போல நினைக்காதே என்று பக்கம் பக்கமாக விளக்க முடியாது.

பதியத்திலும் அதே பிழை. பதியம் வைத்த கொப்பு தானே வேர்விடும். இங்கே உலோகம் ஒன்றும் விடுவதில்லை, வளர்வது என்பு மட்டும். சுவீடனில் பிரோனமார்க் 1950களில் முயலின் காலென்புக்குள் வைத்த டைட்டேனியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல் என்பு பிடித்துக்கொண்டதிலிருந்துதான் இந்தத் துறையே வந்தது. முதல் நோயாளிக்கு 1965 இல் வைத்தார். என்பு பிடிக்கிற அந்தச் செயலுக்கும் ஒரு சொல் வேண்டும்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், முல்லைத்தீவு

டொக்டர் சொன்ன இரண்டாவது சொல்லுக்குத் தேட வேண்டியதில்லை. கன்று நட்டு ஒரு கிழமை போனால் "பிடிச்சிட்டுதோ?" என்றுதான் கேட்கிறோம். "என்புப்பிடிப்பு" என்று போடலாம்.

பொருளின் பெயருக்கு "ஊன்று" என்ற வினையைப் பாருங்கோ. பயற்றங்கொட்டை ஊன்றுகிறோம், வேலிக்குக் கப்பும் ஊன்றுகிறோம். ஒன்று முளைக்கும், மற்றது முளைக்காது, இரண்டுக்கும் சொல் ஒன்றே. உயிர் உண்டு என்றோ இல்லை என்றோ அது பேசுவதில்லை, நிறுத்தி வைப்பதை மட்டும் சொல்லும். ஆகவே "ஊன்றி". தனியே விட்டால் "ஊன்றி எடுக்கப்பட்டது" என்ற வரியில் எச்சமா பெயரா என்று வாசிக்கிறவர் தடுமாறுவார். பல்லைச் சேர்த்துப் "பல்லூன்றி" என்றால் அந்தக் குழப்பம் இல்லை. "பல்முளை" என்றும் ஒருவர் எனக்குத் தனிமடலில் எழுதியிருந்தார். மாடு கட்டும் முளையை நினைத்திருப்பார். ஆனால் பல் முளைப்பது என்ற வழக்கு பிள்ளைகளுக்கு இருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

அனுப்பியவர்: பற்சிகிச்சை உதவியாளர், கிளிநொச்சி

சேர், பல்லூன்றி வாயில் வருகிறது. ஆனால் வருகிற ஆக்கள் எல்லாவற்றையும் "ஸ்குரூ" என்றுதான் சொல்கிறார்கள். "ஸ்குரூ ஆடுது" என்று வந்து நிற்பார்கள். எந்த ஸ்குரூ? என்புக்குள் இருப்பதும் திருகாணிதான், அதன்மேல், செயற்கைப் பல்லைப் பிடித்து நிற்கும் தாங்கியை இறுக்குவது வேறொரு சின்னத் திருகாணி. சின்னது கழன்றால் பயமில்லை, சுத்தம் செய்து, நைந்திருந்தால் புதிதாக மாற்றி, அளவுச் சாவியால் திரும்ப இறுக்கலாம். பெரும்பாலான வகைகளுக்கு 30 முதல் 35 நியூட்டன் சென்ரிமீற்றர், தயாரித்தவரின் தாளில் போட்டிருக்கும். பெரியது ஆடினால் பிடிப்புப் போய்விட்டது, எடுக்கத்தான் வேண்டும். ஆகவே "திருகு" என்ற சொல் சின்னதுக்கு மட்டும் இருக்கட்டும்.

இன்னொன்று. பல்லில் கல்லாக இறுகிய படிவைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் என்பதற்குத் தாளில் "பற்கறை நீக்கல்" என்று இருக்கிறது. வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டு கூட. அதைச் சின்னனில் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் மண்ணிறப் புள்ளி பல்லோடேயே உருவானது. ஸ்கேலிங் செய்தால் போகாது. கறை போகும் என்று எழுதினால் சண்டைக்கு வருவார்கள். "பற்கல் அகற்றல்" என்று மாற்றுங்கோ.

அனுப்பியவர்: பல் மறுசீரமைப்பு விசேட வைத்திய நிபுணர், வவுனியா

தங்கச்சி சொன்ன இரண்டும் சரி. பல்லூன்றி எனக்குச் சம்மதம். பாகங்களை அப்படியே வைப்போம்: என்புக்குள் பல்லூன்றி, ஆறும்வரை அதன் வாயில் மூடுதிருகு அல்லது ஆறுமூடி, பிறகு தாங்கி, அதை இறுக்கும் தாங்குதிருகு, மேலே செயற்கைப் பல்லான பல்முடி.

இனி நோயின் பெயர்கள். தாளின் உயிர் இதில்தான் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

பல்லுக்கு இரண்டு நிலை உண்டு. முரசு சிவந்து வீங்கி, துலக்கும்போது இரத்தம் கசியும், என்பு சேதமில்லை. இது முரசழற்சி, சுத்தம் செய்தால் பழையபடி திரும்பும். அடுத்தது, நார் அறுந்து என்பு கீழே போகிறது. சனம் "முரசு கரையுது" என்று சொல்வது இதைத்தான், ஆனால் கரைவது உண்மையில் உள்ளேயிருக்கும் என்பு. முதலாவது எல்லாருக்கும் இரண்டாவதாக மாறாது. மலையகத் தேயிலைத் தொழிலாளர் 480 பேரை 1970 இலிருந்து 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பற்பராமரிப்பு ஒன்றும் இல்லாமலே 11 சதவீதம் பேருக்கு அழற்சிக்கு அப்பால் நோய் போகவில்லை, 81 சதவீதத்துக்கு மிதமாகவும் 8 சதவீதத்துக்கு வேகமாகவும் முற்றியது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். ஆகவே "முரசழற்சி", "முரசுக்கரைவு".

பல்லூன்றிக்கும் அதே இணை வேண்டும்: "பல்லூன்றி முரசழற்சி", "பல்லூன்றி என்புக்கரைவு". பல்லில் முரசின் நார்கள் வேரின் மேற்பரப்புக்குள் செங்குத்தாகப் புகுந்து பிடிக்கும். பல்லூன்றியில் அவை உலோகத்துக்குச் சமாந்தரமாகப் படிந்து கிடக்கும், உள்ளே புகாது. கிருமிக்குத் தடை குறைவு. கரைவு தொடங்கினால் பல்லைவிட வேகமாகப் போகும், வலி பெரும்பாலும் இராது. நோயாளி காண்பது இரத்தக் கசிவையும், அமத்தினால் வரும் சீழையும்தான். பழைய எக்ஸ்ரே இல்லாத இடத்தில் நாங்கள் பார்ப்பது: முரசுக்குள் அளவுகோல் 6 மி.மீ. அல்லது கூட இறங்குகிறதா, என்பு 3 மி.மீ. அல்லது கூடப் போயிருக்கிறதா, கசிவு இருக்கிறதா. மூன்றும் இருந்தால் அது கரைவுதான்.

சிகிச்சைப் பகுதியில் வரிசை மாறக்கூடாது. முதலில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி, பல்லுக்கும் முரசுக்கும் நடுவிலுள்ள ஆழத்தை ஆறு இடத்தில் அளந்து எழுதுவது. 3 மி.மீ. வரை சுகம், 4 இலிருந்து முரசுப்பை. அடுத்து வீட்டில் துலக்கும் முறையையும் பல்லிடைத் தூரிகையையும் காட்டுவதும் முரசுக்கு மேலேயுள்ள பற்கல்லை அகற்றுவதும். பிறகு விறைப்பூசி போட்டு முரசின் கீழே வேரைச் சுரண்டுவது. ஆறு கிழமை தொடக்கம் மூன்று மாதத்தில் திரும்ப அளப்பது. அப்போதும் 6 மி.மீ. அல்லது கூடிய பை இருந்தால் மட்டும் முரசைத் திறக்கும் சத்திரசிகிச்சை. "ஒருக்கால் கிளீன் பண்ணினேன், போதும்" என்று திரும்ப அளக்க வராமல் விடுவதால்தான் பல பற்கள் போகின்றன. கிருமிக்கு எதிராக வாய் கொப்பளிக்கும் மருந்தான குளோர்ஹெக்சிடீன் 0.2 சதவீதம் என்றால் 10 மி.லீ., ஒரு நிமிடம், நாளுக்கு இருமுறை, இரண்டு கிழமை. பற்பசை பாவித்து அரைமணி கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும், உடனே கொப்பளித்தால் பசையின் நுரைப்பொருள் மருந்தைக் கெடுக்கும். பிளேன்ரீயோடு சேர்ந்தால் பல் மண்ணிறமாகும் என்பதையும் எழுதுங்கோ, இல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

வாயில் கசியும் பை மிச்சமிருக்க பல்லூன்றி வைப்பது காசை வீணாக்குவது. அந்தப் பைகளின் கிருமிதான் புதிய உலோகத்தில் வந்து குடியேறும். புகை, வெற்றிலை, கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி 8 சதவீதத்துக்கு மேல் நிற்கும் நீரிழிவு இவையெல்லாம் இருந்தால் முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மி.மீ., இரண்டு பல்லூன்றிக்கு நடுவில் 3 மி.மீ., கீழ்த்தாடை நரம்புக்கு மேலே 2 மி.மீ. விடவேண்டும். துளைக்கும்போது குளிர்ந்த உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். என்பு 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் நின்றாலே செத்துப்போகும், செத்த என்பு பிடிக்காது. மொட்டைத் துரப்பணம், மேலிருந்து ஊன்றி அமத்துவது, இரண்டும் சூட்டைக் கூட்டும். கீழ்த்தாடையில் பிடிக்க மூன்று மாதம் விடுவது பழைய கணக்கு, மேல்த்தாடையில் ஆறு. இப்போதைய மேற்பரப்புகளில் இது குறைந்திருக்கிறது.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், முல்லைத்தீவு

தம்பி, "பல்லூன்றி முரசழற்சி" என்பதில் ஊன்றிக்குப் பின் இடைவெளி விடுங்கோ. ஒட்டி எழுதினால் பாட்டி வைத்தியப் புத்தகத்து மருந்துப்பெயர் மாதிரிக் கிடக்கும்.

அனுப்பியவர்: விளக்கத்தாள் தொகுப்பாளர், கிளிநொச்சி

ஏற்றுக்கொண்டாயிற்று. "பல்லூன்றி" முதல்முறை வரும் இடத்தில் மட்டும் "இம்பிளான்ற் எனப்படும் பல்லூன்றி" என்று எழுதுகிறேன். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ போய்க் காட்டுபவர் இரண்டு சொல்லையும் அறிந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிச்சம்: பல்முடியை ஒட்டும் பசைக்குச் "சீமெந்து" போதுமா?

அனுப்பியவர்: பல் மறுசீரமைப்பு விசேட வைத்திய நிபுணர், வவுனியா

சீமெந்து போதும், எல்லாருக்கும் விளங்கும். ஆனால் எச்சரிக்கை வரியை விடாதீர்கள். பல்முடியை அமத்தும்போது வழிந்த சீமெந்து முரசின் கீழே மிஞ்சினால், சில மாதத்திலோ சில வருடம் கழித்தோ அதைச் சுற்றிக் கரைவு தொடங்கும். எக்ஸ்ரேயில் சில சீமெந்து தெரியவே தெரியாது. விளிம்பு ஆழமாக இருக்கும் இடத்தில் ஒட்டுமுடியை விடத் திருகுமுடியே நல்லது. திருகின் துளைக்குள் டெஃப்லோன் நாடா அடைத்து மேலே நிரப்பி விடுவோம், கழற்ற வேண்டி வந்தால் இலகு.

அனுப்பியவர்: பற்சிகிச்சை உதவியாளர், கிளிநொச்சி

தாளின் கடைசிப் பக்கத்தில் ஐந்து வெற்றுக்கோடு விடுங்கோ, நாங்கள் பேனையால் நிரப்பிக் கொடுக்கிறோம்: பல்லூன்றியின் தயாரிப்புப் பெயர், விட்டமும் நீளமும் மி.மீ. இல், தொகுதி இலக்கம், தாங்குதிருகை இறுக்கிய அளவு, ஒட்டுமுடியா திருகுமுடியா என்பது. பத்து வருடம் கழித்து வேறொரு ஊரில் தாங்குதிருகு கழன்றால், பெயர் தெரியாமல் பொருந்தும் சாவியைத் தேடிப்பிடிப்பதே பெரிய வேலை. பெட்டியோடு வரும் ஒட்டுச்சீட்டை அந்தக் கோட்டிலேயே ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. கையெழுத்தை வாசிக்கிற கஷ்டமும் இல்லை.